மாற்றுப் பாதையில் நெல்

செம்மங்குப்பத்தில் டேங்கர் லாரி கவிழ்ந்தது. ஆசிட் புகை சாலையை மூடியது. கடலூர்-சிதம்பரம் போக்குவரத்தைப் போலீஸ் இரு முனையிலும் நிறுத்தியது.

கலெக்டர் அலுவலகத்தில் இருந்த சத்யப்பிரியா பதறவில்லை. வெள்ளமோ விபத்தோ வந்தால் மாவட்டத்தின் எந்தச் சாலை தாங்கும், எது படுத்துவிடும் என்று கணக்கிட்டுக் கொடுத்த பொறியாளர் அவள்தான். இந்தச் சாலை அடைபட்டால் கீரப்பாளையம் வழி. இரண்டு பஸ் தாராளமாக விலகும் என்று எழுதியிருந்தாள். அவள் பிறந்த ஊர்ச் சாலை அது. மறுபடி போய்ப் பார்க்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

வண்டிகள் திருப்பிவிடப்பட்டன. அவற்றில் சிதம்பரத்திலிருந்து வந்த ஓர் ஆம்புலன்ஸ். உள்ளே பச்சைக் குழந்தை, இதயத்தில் கோளாறு. புதுச்சேரியில் ஆபரேஷனுக்கு டாக்டர்கள் தயாராக இருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அதன் டிரைவர் அய்யனாரிடமிருந்து போன். கீரப்பாளையம் தாண்டிப் பெரிய மதகில் மாட்டிக்கொண்டானாம். முன்னால் ஒரு பஸ், அதற்கு எதிரே இன்னொன்று. ஆக்சிஜன் வடலூர் வரைக்கும்கூட வருமா என்று நர்ஸ் பயப்படுகிறாராம்.

"ரோட்டுல பள்ளமா?"

"ரோடு நல்லாத்தான் இருக்கு மேடம். பாதி ரோட்டுல நெல்லு காயுது."

தை மாதம். சம்பா அறுவடை. பள்ளிக்கூட நாட்களில் அதே சாலையில் காலால் நெல் துழாவியவள் சத்யப்பிரியா. தையில் அங்கே நெல் கிடப்பது வெயில் அடிப்பதைப் போல. அதையும் ஒரு தடையாகக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அவள் நினைத்ததே இல்லை.

எதிர் பஸ்ஸை நெல்லின் மேல் ஏற்றி ஒதுங்கச் சொல்லுங்கள் என்றாள். சொல்லிப் பார்த்தாகிவிட்டதாம். அந்த பஸ்ஸின் டிரைவர் கதிரவன், சோற்றின் மேல் சக்கரத்தை ஏற்ற மாட்டேன் என்கிறானாம்.

பெரிய மதகில் காயப்போடுவது அவளுடைய தாய்மாமா தங்கராசு. உடனே போனில் அவரைப் பிடித்தாள்.

"மாமா, நெல்ல வாருங்க. ஆம்புலன்ஸ் நிக்குது."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். வார்றதுக்குள்ள பொழுது போயிடும். ஏறிப் போடான்னு நானே சொல்லிட்டேன். அவனும் வெவசாயி ஊட்டுப் புள்ள, கேக்க மாட்டேங்கிறான்."

"அப்ப நீங்களே மொதல்ல ஏத்துங்க மாமா."

எதிர்முனையில் டிராக்டர் கிளம்பும் சத்தம்.

நடந்ததை அய்யனார் பின்னால் சொன்னான். தங்கராசு நெல்லுக்குக் காவலாக வைத்திருந்த ஓரத்துக் கற்களைத் தள்ளிவிட்டு, தன் நெல்லின் மேல் தானே டிராக்டரை ஓட்டினார். இரண்டு தடம் விழுந்தது. கதிரவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தத் தடம் பிசகாமல் பஸ்ஸை ஒதுக்கினான். முன்னால் நின்ற பஸ் நகர, ஆம்புலன்ஸ் பாய்ந்தது. வடலூரில் சத்யப்பிரியா சொல்லிவைத்த சிலிண்டர் ஏறியது.

குழந்தை புதுச்சேரி போய்ச் சேர்ந்ததும், மாற்றுப் பாதை பாஸாகிவிட்டது என்று அதிகாரிகள் கலைந்தார்கள். சத்யப்பிரியா மட்டும் உட்கார்ந்து, தை மாசியில் இந்த வழி உதவாது என்று திருத்தி எழுதினாள். மறுநாள் விடிந்ததும் மாமா கூப்பிட்டார்.

"அந்தப் புள்ள?"

"ஆபரேஷன் முடிஞ்சிது மாமா. பொழச்சிக்கும்னாங்க."

"சரி. இந்த பஸ்ஸெல்லாம் எப்ப நம்ம ரோட்ட விட்டுப் போவும்? மிச்ச நெல்லையும் காயப்போடணும்."