திபேரியஸின் மூக்கு

பதினாறு வருடம் கழித்து அந்தக் காசு என் மேசைக்கே வந்தது. பழைய நாணயங்களைச் சோதித்து, ஏலத்துக்குச் சான்று எழுதுவது என் வேலை. லென்ஸுக்கு அடியில் ரோமானியப் பேரரசன் திபேரியஸ். பசும்பொன். மூக்கிலிருந்து கன்னம் வரை ஒரு வெட்டு.

அது என் அப்பாவின் கடப்பாரை போட்ட வெட்டு. எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த முதலாளியின் தோட்டத்தில் குழி தோண்டியபோது ஒரு பானையும் பத்துக் காசும் கிடைத்தன. "முதல் போடுலயே ஒரு ராஜா மூக்கைப் பேத்துட்டேன்டி" என்று அப்பா அன்று வீட்டில் சிரித்தார். பத்தையும் முதலாளி கையில் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். முதலாளி ஒன்பதை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். பத்தாவதை அப்பா திருடிவிட்டதாகப் புகார் எழுதினார். எட்டு மாதம் ஜெயில். அதற்கப்புறம் அப்பாவை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் 'பொற்காசு'.

"என்னம்மா அப்படி முறைச்சுப் பாக்குறே? அசல் சரக்கு."

"அசல்தான் சார். இந்த வெட்டுதான் இடிக்குது. உள்ள செம்போன்னு யாரோ அறுத்துப் பாத்திருக்காங்கன்னு சொல்லுவாங்க. பாதி விலைதான் போகும்."

பொய். சொல்ல எனக்குக் கூசவில்லை.

"அட போம்மா! கடப்பாரை பட்ட காயம் அது. பானை கிடைச்ச அன்னிக்கு என் கண்ணு முன்னாலயே பட்டது."

"அதை எழுதிக் கொடுத்துட்டா முழு விலை சார்."

படிவத்தை நகர்த்தினேன். எங்கே, எந்த வருடம் கிடைத்தது? அன்றிலிருந்து யார் கையில்? மளமளவென்று எழுதினார். தன் தோட்டம், சரியான வருடம், 'அன்று முதல் என்னிடமே.' தோண்டி எடுத்தவர் யார் என்ற இடத்தில் மட்டும் 'ஒரு கூலியாள்.'

"பேர் வேணும் சார்."

"அவன் பேரெல்லாம் எவனுக்கு ஞாபகம்?"

ஜெயிலுக்கு அனுப்பிய ஆளை மறந்தே போயிருந்தார். அதுதான் எனக்குப் பற்றி எரிந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டேன். பிறகு அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

படித்தார். முகம் வெளுத்தது.

"நீ..."

"மக."

அவர் கை காசை நோக்கிப் பாய்ந்தது. அதை ஏற்கெனவே என் டிராயருக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். நான் போலீசுக்கு போன் போட்டேன்.

"தாயி, அந்தக் காகிதத்தைக் கிழிச்சுடு. எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்."

"உள்ள போய்ப் பேசுங்க. எட்டு மாசம் இருக்கும்ல?"