கண்ணாடிக்குப் பின்னாடி ரெண்டு சிப்பி

சின்னவளுக்கு வந்த கோவத்துக்கு, கையில இருந்த சிப்பியை அதிகாரி மேசையிலயே விட்டெறிஞ்சிருப்பா. சாம்பிளாச்சேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டா.

கடல்ல என்ன கலக்குதுன்னு சோதிக்கற ஆபீஸ்ல அவளுக்கு வேலை. சிப்பி வளர வளர தண்ணில இருக்கற ஈயத்தையும் ஓட்டுல சேத்துக்கும். தண்ணி இன்னைக்கு வரும், நாளைக்குப் போயிடும். ஓடு அப்படியே இருக்கும்ல? ஆலைக் கழிவுக் குழாய் பக்கத்துல எடுத்த ஓட்டுல ஈயமோ ஈயம். அந்தப் பாறையிலதான் அவ அக்கா புருஷன் சிப்பி எடுக்கறாரு. அக்கா பிள்ளைங்க அதைத்தான் தின்னுதுங்க.

"அந்த மண்ணுலயே ஈயம் இருக்காம், ஆலைக்காரங்க சொல்றாங்க"ன்னாரு அதிகாரி. "ஆலை வர்றதுக்கு முந்தின சிப்பி இருந்தா கொண்டு வாம்மா. அதுல ஈயம் இல்லன்னா குழாயை மூட வைக்கலாம்."

"அதுக்கு நான் எங்க சார் போவேன்?"

புலம்பிக்கிட்டே அக்கா வீட்டுக்குப் போனவ கண்ணுல சுவத்துக் கண்ணாடி பட்டுச்சு. சட்டம் சுத்தியும் சிப்பி. கல்யாணமான புதுசுல அதே பாறையில அக்காவே பொறுக்கி ஒட்டினது. அப்ப ஆலையே கிடையாது!

"அக்கா, இதைக் குடு."

"எதுக்கு?"

"உடைக்க."

"உன் மண்டைய உடைப்பேன்."

"பிள்ளைங்க வயித்துக்குள்ள ஈயம் போகுதுக்கா!"

அக்கா கழட்டிக் குடுத்தா. சுரண்டினா வெள்ளிக் கலரா உதிருது.

"என்னக்கா இது?"

"உங்க அத்தான் படகுக்கு அடிச்ச பெயிண்ட்டுல மிச்சம். வருஷா வருஷம் அடிப்பேன். பளபளன்னு இருக்குல்ல?"

படகு பெயிண்ட்! அதுலயே ஈயம் இருந்தா? கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல. ஆத்திரத்துல கண்ணாடியைக் குப்புறக் கவுத்து வச்சா. பின்பக்கம் கீழ, சுவத்துல உரசாம இருக்க, மூலைக்கு ஒரு சிப்பி ஒட்டியிருக்கு. அதுல பெயிண்ட் இல்ல.

"சுவத்தைப் பாத்த பக்கத்துக்கு எவ பெயிண்ட் அடிப்பா?"ன்னா அக்கா.

அந்த ரெண்டையும் சோதிச்சா, ஈயம் பேருக்குக்கூட இல்ல. ஓடினா அதிகாரிகிட்ட.

"ரெண்டே ரெண்டை வச்சு ஒரு கடலுக்கே சாட்சி சொல்ல முடியுமாம்மா? இன்னும் கொண்டு வா."

அவர் சொன்னது நியாயந்தான். அதான் இன்னும் எரிச்சலா இருந்துச்சு.

அக்காகிட்ட வந்து கொட்டித் தீத்தா. அக்கா சாவகாசமா கேக்கறா, "இன்னும் வேணும்னு முதல்லயே சொல்றதுக்கு என்னடி? அந்த வருஷம் இந்தத் தெருவுல நடந்த கல்யாணம் அத்தனைக்கும் நான்தானே இதே மாதிரி கண்ணாடி செஞ்சு குடுத்தேன்!"

ரெண்டு பேரும் ஒரு கத்தியோட கிளம்பிட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரி வாசல்லயே மறிச்சா.

"கல்யாணத்துக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கற மொத ஆளு நீங்கதான்."

"கண்ணாடியை நீயே வச்சுக்கடி. பின்னாடி இருக்கற ரெண்டு சிப்பி போதும்."

"அதுவா? சுவத்தைக் கீறுதுன்னு மாமியார் அன்னைக்கே பேத்துக் குப்பையில போட்டுட்டாங்க."

சின்னவ அப்படியே படியில உக்காந்துட்டா. அக்கா அவ கையில இருந்த கத்தியைப் பிடுங்கினா.

"எந்திரிடி. எல்லா மாமியாருமா அப்படி இருப்பாங்க?"ன்னு அடுத்த கதவைத் தட்டினா.