ராத்திரி இல்லாத ஊரில் ராத்தங்கல்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை; சங்கராபுரம் பஸ்ஸில் கண்டெடுத்தேன். முன்சீட்டிலிருந்த அம்மாள் ஒருத்தி தன் கணவரிடம், "அந்தத் தீவுல ராத்திரியே கெடையாதாம். அப்புறம் எப்படிங்க ராத்தங்கினதா ஆவும்?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் அவர்கள் ஊர் வந்துவிட்டது, இறங்கிப் போய்விட்டார்கள். ஒட்டுக்கேட்ட சுவாரசியத்தில் நான் இறங்க வேண்டிய இடத்தை விட்டு ஏழு ஊர் தாண்டியிருந்தேன். (ஒரு ஊர்தான். ரிட்டையரானவனுக்கு ஏழு என்று சொல்லிக்கொள்ள உரிமை உண்டு.)

மீதியை நானே கட்டினேன்.

2

முதல் தொடக்கம்: 'வடகடலின் பனிமூட்டத்துக்குள்ளிருந்து தீவுகள் ஒவ்வொன்றாக—'

வேண்டாம். நான் பார்த்த பெரிய தண்ணீர் கோமுகி அணைதான்.

இரண்டாவது: 'கண்ணாயிரம் ஒரு விவசாயி. அவர்—'

இதுவும் ஆகாது. கிணற்றில் குதித்து வளர்ந்த விவசாயி தண்ணீரைக் கண்டு பயப்பட மாட்டார். இவர் பயந்தாக வேண்டும். ஆகவே அவரை ரிட்டையரான பஸ் கண்டக்டராக்கினேன்.

மூன்றாவது. இது நிற்கும் என்று நினைக்கிறேன்:

கண்ணாயிரத்தின் மகன் தனசேகரனுக்கு நார்வேயில் வேலை. ஆனி மாதம் வந்தால், அப்போது பொழுதே சாயாத வடக்கு லோஃபோடன் தீவுகளைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று போனில் படம் அனுப்பினான். கல்வராயன் மலையைத் தூக்கிக்கொண்டு போய் இடுப்பளவு கடலில் நிற்கவைத்தது மாதிரி இருந்தது. கண்ணாயிரத்தின் மனைவி ராஜாம்பாள் அன்றைக்கே வடகம் பிழிந்து காயவைத்துவிட்டு, தீவுக்குத் தீவு படகில் போகப்போவதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

கண்ணாயிரத்துக்கோ படத்திலிருக்கும் படகைப் பார்த்தாலே தலை சுற்றும். ஆனால் கோமுகி வெள்ளத்தில் டிக்கெட் பையைப் பல்லில் கவ்விக்கொண்டு நீந்தி அக்கரை சேர்ந்தவர் அவர் என்று ஊர் நம்புகிறது. ஊருக்குச் சொன்னவரும் அவர்தான்.* இப்போது எந்த முகத்தோடு வாயைத் திறப்பது?

* முதலில் எழுதியபோது பஸ்ஸையே இழுத்துக்கொண்டு நீந்தினார். பிறகு மனசாட்சிக்குப் பயந்து பையோடு நிறுத்திக்கொண்டேன்.

3

நல்லவேளையாக மாரியம்மன் வந்தாள். ஆனியில் ஊர்த் திருவிழா. கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டிப் போய் ராத்தங்கக் கூடாது.

"அம்மன் உத்தரவு, ராஜாம்பா. நம்ம கையில இன்னா இருக்குது?" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்ன கண்ணாயிரம், இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொன்னார்.

பஸ்ஸில் நான் கேட்ட அந்தக் கேள்வியை ராஜாம்பாள் கேட்டது அப்போதுதான். கேட்டதோடு விடாமல் பூசாரி சடையனிடமும் அவரை இழுத்துப் போனாள்.

சடையன் தாடையைச் சொறிந்தார். "பொழுது சாயலன்னா ராத்திரி இல்ல. ராத்திரி இல்லன்னா ராத்தங்கறதும் இல்லியே."

"பிளேன்ல ஒரு ராத்திரி போவுதே, அதுக்கு இன்னா சொல்றீங்க?" என்றார் கண்ணாயிரம், விடாமல்.

"அது தங்கறதாங்க? போய்க்கினு இருக்கறது," என்றாள் ராஜாம்பாள்.

"ஞாயந்தான் கண்டக்டரே. காப்புக் கட்டின நாள்லயும் நைட் பஸ்ஸுல டூட்டிக்குப் போனீங்க. கேட்டதுக்கு, 'வண்டி ஓடிக்கினுதான இருக்குது, எங்க தங்கறேன்'னு சொன்னது யாரு?" என்றார் சடையன்.

கண்ணாயிரத்துக்கு அவருடைய பேச்சே எதிரே வந்து நின்றது.

4

முடிவுகள்.

(அ) கண்ணாயிரம் காய்ச்சல் என்று படுத்துக்கொள்— இல்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு அவரைக் கம்பளிக்குள் ஒளிப்பதா.

(ஆ) படகில் ஏறுகிறார். திமிங்கலம் வருகிறது. (மூன்று பக்கம் எழுதினேன். பிரமாதமாக வந்தது. கிழித்துவிட்டேன்.)

(இ) அன்று சாயங்காலம் மகனைப் போனில் பிடித்தார்.

"படகு எம்மாம் பெருசு இருக்கும்டா?"

"படகு எதுக்குப்பா? தீவுக்குத் தீவு பாலம் கட்டி வச்சிருக்கான். ஏர்போர்ட்லருந்து பஸ்ஸுலயே போயிடலாம்."

"பஸ்ஸா?"

நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்த கல்வராயன் மலை எழுந்து, தன் பழைய இடத்துக்கே நடந்து போனது.

"கண்டக்டர் உண்டாடா?"

"டிரைவரே டிக்கெட் குடுப்பாரு."

"ஒண்டியாவா? பாவம்டா அந்த ஆளு."

அந்த நிம்மதியில் வாய் தானாகத் திறந்துகொண்டது. போனை வைத்துவிட்டு, "ராஜாம்பா, எனக்குத் தண்ணின்னா பயம்," என்றார்.

"மாட்டுத் தொட்டியாண்ட போனாலே வேட்டியத் தூக்கிக்கினு ஓடறவரு கோமுகிய நீந்தினாராம். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா படகு படகுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு வந்த?"

"அது என் ஆசை. உங்க பயத்துக்காவ அத இன்னா பண்ணச் சொல்றீங்க? பஸ்ஸுலயே போலாம். ஒரே ஒரு தடவ நான் மட்டும் படகுல ஏறிக்கறேன், நீங்க கரையிலயே நில்லுங்க. பக்கத்துல துண்டு போட்டு எடம் புடிச்சு வைக்கறேன். மனசு வந்தா வாங்க."

கண்ணாயிரம் வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தார்.

5

இனி மிச்சமிருப்பது ஒரு துறை, ஒரு சின்னப் படகு, சாயாத பொழுது. படகில் ராஜாம்பாள், அவள் பக்கத்தில் சிவப்புக்கரைத் துண்டு. கரையில் வடகப் பையோடு கண்ணாயிரம். ஏறினாலும் ஏறாவிட்டாலும் இனி அவர் எதையும் மறைக்க வேண்டியதில்லை. இருட்டிவிடுமே என்ற அவசரமும் இல்லை.

இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். ஏறினார் என்றால் இவன் அளக்கிறான் என்பீர்கள். ஏறவில்லை என்றால் அந்தத் துண்டைப் பார்க்க எனக்கே—

படகு நிற்கிறது. 'ரைட்' சொல்ல வேண்டியது நீங்கள்.