கல்பெட்டியில் ஒரு காது

காய்ச்சல் விட்ட பிறகும் ஹெர்மேரோஸ் எழுந்திருக்க மறுத்தான். வைத்தியர் வந்து நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். "உடம்புல ஒண்ணுமில்லம்மா. சாப்பிட்டு நாலு எட்டு நடந்தா தேறிடுவாரு. இப்படியே கெடந்தாத்தான் போயிடுவாரு" என்று தல்லூசாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவள் புருஷன் காதில் அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது.

ஆஸ்டியா துறைமுகத்தில் பாதி ஊருக்கு ரொட்டி சுட்டுப் போட்ட ஆள். மாவு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்காமல் படியேறுவான். அப்பேர்ப்பட்டவன் இப்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, கஞ்சிக் கிண்ணத்தைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டான்.

"எனக்குக் கஞ்சி வேணாம் தல்லூசா. பெட்டி வாங்கிட்டியா?"

"வாங்கித் தொலைச்சிட்டேன்யா. கொல்லையில கெடக்கு. மாவு எந்திரம் சுத்துற கழுதைக்குத் திரும்ப எடமில்ல."

பெட்டி என்றால் செத்தவரை வைக்கிற பளிங்குப் பெட்டி. பட்டறையில் அதை முன்கூட்டியே செய்து வைத்திருப்பார்கள். திராட்சைக் கொடி, சிறகு முளைத்த குழந்தைகள், மூலைக்கொரு சிங்கம் எல்லாம் முடிந்திருக்கும். நடுவில் ஒரு சிப்பிக்குள் கணவன் மனைவி தலைகள் மட்டும் கண்ணும் மூக்கும் இல்லாமல் மொழுக்கென்று நிற்கும். வாங்கியவரின் ஜாடையைப் பார்த்த பிறகுதான் முகம்.

இருவரும் ஒரே எஜமானின் வீட்டில் அடிமைகளாக மாவு அரைத்து, விடுதலை வாங்கி, கடை போட்டவர்கள். தன் அப்பனை எங்கே புதைத்தார்கள் என்றுகூட ஹெர்மேரோஸுக்குத் தெரியாது. கல்லில் ஒரு முகம் வேண்டும் என்று அவன் ஏங்கியதில் நியாயம் இருந்தது. அது தல்லூசாவுக்கும் தெரியும். தெரிந்தும் அந்தப் பெட்டியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

சிற்பி ஹைலஸ் ஜாடை பார்க்க வந்தான். சாகக் கிடந்தவன் உடனே தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, தாடையைத் தூக்கிக்கொண்டான்.

"தம்பி, தலையில கொஞ்சம் முடி வச்சிரு."

"எவ்வளவு வைக்கணும்ணே?"

"கல்யாணத்தப்ப இருந்த அளவு."

"அப்பவே இல்ல" என்றாள் தல்லூசா, கதவருகிலிருந்து.

ஹைலஸ் சிரிப்பை விழுங்கிக்கொண்டு கொல்லைக்கு வந்தான். தல்லூசா பின்னாலேயே வந்து அவன் கையைப் பிடித்தாள். ரொட்டிக்கடைத் தெருப் பெண்களிடம் ஒரு பேச்சு உண்டு. ஜோடிப் பெட்டியில் யார் முகம் முதலில் கல்லில் விழுகிறதோ, அவர்தான் முதலில் போவாராம். நேற்று வரைக்கும் தல்லூசா அதைக் கேட்டுச் சிரித்தவள்தான்.

"முதல்ல என் முகத்தைச் செதுக்கு."

"அக்கா, தெரிஞ்சுதான் பேசறீங்களா? இந்தத் தெருவுல என்ன சொல்றாங்கன்னு…"

"அது தெரிஞ்சுதான் சொல்றேன். அந்த மனுஷன் கெடந்து போறதப் பாக்க எனக்குத் தெம்பில்ல. நான் முன்னாடி போறேன். உளியை எடு."

சொன்னபோது அவள் குரல் தடுமாறவில்லை. ஹைலஸ் உளியை எடுத்தான். மூக்கைத் தொடத் தைரியம் இல்லாமல், பெண் தலையின் ஓரத்தில் காதிலிருந்து ஆரம்பித்தான். டொக் டொக் என்ற சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஹைலஸு! மூக்கா, காதா?"

"காதுண்ணே!"

"நல்லா இழைச்சு வை. என் காது கொஞ்சம் பெருசு."

ஹைலஸ் தல்லூசாவைப் பார்த்தான். அவள் வேலையைப் பார் என்று கையைக் காட்டினாள். கழுதை தும்மியது.

"தல்லூசா, யாரு காதுடி அது?"

"என்னோடது. உனக்கென்னய்யா, நீ பாட்டுக்குப் படு."

உள்ளே கிண்ணம் விழுந்து உடைந்தது. அடுத்து கொல்லை வாசற்படியில் ஹெர்மேரோஸ் நின்றான். ஒரு கை சுவரில், போர்வை பாதி தரையில், முகம் கொதித்துச் சிவந்து.

"எடுறா கையை! யாரைக் கேட்டு அவ மேல உளி வச்ச?"

கழுதையைத் தள்ளிவிட்டு, கொல்லையைக் கடந்து வந்து, அந்தப் பெண் தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். அவனை யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை.

"நீதானய்யா பெட்டி கேட்ட?" என்றாள் தல்லூசா.

"எனக்குக் கேட்டேன்டி. உனக்கா கேட்டேன்?"

"நீ சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்ட. நான் யாரைப் பாத்துக்கிட்டு இருக்கிறது?" இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது. கடைக்குள் ரொட்டிக்கு நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும் என்று அழுதாள்.

ஹெர்மேரோஸ் கல் தலையிலிருந்து கையை எடுத்தான். மெல்லக் குனிந்து, அந்தப் புதுக் கல் காதில் வாயை வைத்து முணுமுணுத்தான்.

"எனக்கு முன்னாடி போயிடாதடி."

கல்லுக்குக் கேட்டதோ இல்லையோ, தல்லூசாவுக்குக் கேட்டது.

"அண்ணே," என்றான் ஹைலஸ், "நடந்தா வந்தீங்க?"

"பின்ன, பறந்தா வந்தேன்?" என்றவன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. கஞ்சி சூடாகி வந்ததும், தன் பெட்டியின் மூடிமேலேயே உட்கார்ந்து முழுசாகக் குடித்தான்.

ஹைலஸ் அந்தப் பெட்டியை முடிக்கவே இல்லை. ஆண்டு இறுதிப் பண்டிகைக்கு முன்பே ஹெர்மேரோஸ் மாவு பிசைய ஆரம்பித்துவிட்டான். "முகத்துக்கு இப்ப என்ன அவசரம்?" என்று சிற்பியைத் திருப்பி அனுப்பினான். அத்திமரத்தடியில் முகமில்லாத இரண்டு தலைகளும் ஒரே ஒரு காதுமாகப் பெட்டி கிடந்தது. தல்லூசாவோடு சண்டை வந்து பேச்சு நின்றுபோனால், அவன் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தக் காதில் போய்ச் சொல்வான்.

"கஞ்சியில உப்பே இல்ல" என்று ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுப்பருகே நின்ற தல்லூசா உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள்.