ஏழாம் பட்டை

வாசல் பலகையில் எண் ஏறியிருந்தது. நேற்று அறுபத்தெட்டு, இன்று எழுபத்தொன்று. படலக்காரி கைப்பையைக்கூட இறக்காமல் கண்ணை மூடிக் கும்பிட்டாள். மூன்று வாரமாக அவள் கடவுளிடம் கேட்டதெல்லாம் இந்த எண் ஏற வேண்டும் என்பதுதான். கேட்டது கிடைத்துக்கொண்டே இருந்தது.

பாட்டில் செய்யும் ஆலை அது. கண்ணாடி உருக்கும் உலையின் சுவர் வீணாகக் கக்கும் சூட்டிலிருந்து மின்சாரம் எடுப்பது அவள் வேலை. வெங்காயச் சருகைவிட மெல்லிய படலம் ஒன்றை அதற்காகச் செய்திருந்தாள். படலத்தின் ஒரு முகம் சுடும் சுவரோடு ஒட்டியிருக்கும். மறுமுகத்தைத் தண்ணீர்க் குழாய் குளிர்விக்கும். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு மின்சாரம். அப்படிப் பன்னிரண்டு பட்டைகள். பன்னிரண்டும் சேர்ந்து தருவதைத்தான் பலகை காட்டும்.

பதினொன்றரை மணிக்குப் பெருக்கும் அம்மாள் வந்து நின்றாள். தினமும் யாரும் சொல்லாமலே படலக்காரியின் சாப்பாட்டு டப்பாவை எடுத்துப்போய் உலைச் சுவரோரத் திண்டில் வைப்பவள். “ஆறினதைத் தின்னா வயிறு கோவிச்சுக்கும்” என்பாள். இன்று டப்பாவைத் துணியில் சுற்றிப் பிடித்திருந்தாள்.

“பாப்பா, திட்டாத. மூடி உருகிப் போச்சு.”

“எங்கம்மா வச்சீங்க?”

“வழக்கமான இடந்தான். உன் ஏழாம் நம்பருக்குக் கீழ. போன மாசம் மத்தியானம் வரைக்கும் வச்சாலும் வெதுவெதுன்னுதான் இருக்கும். இப்ப அரை மணியில அடுப்புல வச்ச மாதிரி ஆயிடுது. உன் படலந்தான் சூட்டைக் கக்குதோ என்னவோ!”

படலக்காரி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. படலம் சூட்டை வாங்குமே தவிரக் கக்காது.

மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஒவ்வொரு பட்டையாக அளந்தாள். பதினொரு பட்டைகள் பொருத்திய நாளில் தந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவே தந்தன. உழைக்கிற பொருள் தேயத்தானே செய்யும். ஏழாம் பட்டை மட்டும் மூன்று மடங்குக்கு மேல் தந்தது. உலையின் தீயை யாரும் கூட்டவில்லை. அப்படியானால், அந்த இடத்தில் சூட்டைத் தடுக்கும் உள்சுவர்க் கல்லை உருகிய கண்ணாடி தின்றுகொண்டிருக்கிறது. அவள் கும்பிட்ட எண், கல் கரையக் கரைய ஏறிய எண்.

பன்னிரண்டரைக்கு அந்தச் சுவரடியில்தான் பத்துப் பேர் சாப்பிட உட்காருவார்கள். மணி பதினொன்று ஐம்பது.

மேலாளர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர்.

“அத்தான், உலையோட சூட்டை எறக்கணும். ஏழாம் பட்டைக்குப் பின்னாடி கல்லு கரைஞ்சு போச்சு.”

“எண் எறங்கினா அழுவே, சரி. ஏறினாலுமா? உங்க அக்காவுக்குத் தங்கச்சிதான் நீ, சந்தேகமே இல்ல.”

“விளையாடாதீங்க அத்தான்.”

“நாலு மணிக்கு மொதலாளி வர்றாரு. அந்தப் பலகையப் பார்க்கத்தான் வர்றாரு. எறக்கினா மறுபடி ஏத்தப் பத்து நாள் ஆகும். நாளைக்குப் பார்க்கலாம், போ.”

“சாப்பிட உட்காருறவங்களையாவது…”

“எழுப்பினா ஏன்னு கேப்பாங்க. ஊரைக் கூட்டாதே.”

கெட்ட மனிதர் இல்லை அவர். நல்ல செய்தியை நம்பிப் பழகிவிட்டவர். அவளும் அப்படித்தானே நம்பினாள்?

உயிர் என்று சொன்னால் வராதவர் எண் என்றால் வருவார். அவள் சுவரிடம் போய்ப் பன்னிரண்டு பட்டைகளின் கம்பிகளையும் பிடுங்கினாள். நான்கு மாதம் கண் பூத்துப் போகச் செய்த ஏழாம் படலத்தின் ஓரத்தைக் கத்தி முனையால் நெம்பி, நான்கு விரல் அகலத்துக்கு உரித்தாள்.

“பலகையில பூஜ்யம்! என்ன காரியம் பண்ணினே நீ?” அத்தான் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

அவள் மேலே எரிந்த விளக்கை அணைத்தாள்.

மங்கலில் அது தெரிந்தது. உரித்த இடத்தில், சுவரை வெளியே மூடிய இரும்புத் தகட்டின்மேல், அப்போதுதான் திறக்கும் கண்ணைப் போல ஒரு சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அகன்றது.

“கையை வச்சுப் பாருங்க அத்தான்.”

அவர் வைக்கவில்லை. ஆலை அதிரக் கத்தினார்: “எல்லாரும் வெளிய போங்க! சோத்தை விடு, ஓடு!”

வாசலில் ஆட்களை எண்ணினார்கள். ஒருவரும் குறையவில்லை. பன்னிரண்டு முப்பத்து நான்குக்கு உள்ளே கெட்டித் துணி கிழிவதுபோல ஒரு சத்தம். வெடிக்கவில்லை. கதவு வழியே பார்த்தார்கள்: செந்நிறமாக, தேனைப் போல நிதானமாக, உருகிய கண்ணாடி சுவரிலிருந்து இறங்கி அவர்கள் வட்டமாக உட்காரும் தரையில் பரவியது. விரித்து வைத்திருந்த செய்தித்தாள்கள், அது தொடுவதற்கு முன்பே பற்றிக்கொண்டன.

அத்தான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பெருக்கும் அம்மாள் மட்டும் துணியைப் பிரித்தாள். “மேலதான் கருகிருக்கு பாப்பா. அடியில நல்லாத்தான் இருக்கு. சாப்பிடு.”

படலக்காரி வாங்கி, கருகலையும் விடாமல் தின்றாள். பலகையில் பூஜ்யம் அசையாமல் நின்றது. வழக்கம்போலக் கண்ணை மூடினாள். எதைக் கேட்பது என்று பயமாக இருந்தது. ஒன்றும் கேட்காமல் கையை மட்டும் கூப்பினாள்.