ஐந்தரை மணி மாத்திரை

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் பிறக்கவில்லை, பதுளை ரயிலில் காதில் விழுந்தது. தெமோதரை தாண்டியதும் எதிரில் இருந்த மயூரி பேச ஆரம்பித்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவள்; என் குடும்ப நாவல்களின் வாசகி. அப்புத்தளையில் இறங்க வேண்டிய நான், கதை கேட்டபடி இதல்கஸ்ஹின்ன வரை போய்விட்டேன்.

அவள் சொன்னது இதுதான். பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் விஜயலெட்சுமி, நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர். ஒரே மாதத்தில் இரண்டு தடவை மலையில் மயங்கி விழுந்தார். இரண்டாவது தடவை உருண்டுபோய், பள்ளத்துக்கு ஓரடி முன்னால் நின்றார். சோதித்தால் இரத்தத்தில் சீனி அடிமட்டத்தில் இருந்தது. மூன்றாவது தடவை எங்கே விழுவார்?

2

தொடக்கம் ஒன்று: 'மலைச்சரிவில் அவள் விழிகள் மெல்லச் செருகின. இதழ்கள் அவன் பெயரை'

(நிறுத்தினேன். என் கதாநாயகிகள் இதுவரை காதலில் மட்டுமே மயங்கி விழுந்திருக்கிறார்கள். பழக்கதோஷம்.)

தொடக்கம் இரண்டு: 'அன்று மயூரி கவனமில்லாமல் மருந்தை'

(இதுவும் பொய். கவனமாகத்தான் கொடுத்தாள். 'காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்' என்று கவரில் தமிழில் எழுதியும் இருந்தாள்.)

எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். தோட்டமா, டாக்டரா, யார் என்று மயூரியைக் குடைந்தேன். அவள் சிரித்தாள்.

"ஆரில பிழையெண்டு தேடினா ஒண்டும் மாறாது அக்கா. அந்த மனுசி காலமை எழும்பி என்ன செய்யிறா எண்டு போய்ப் பாக்கோணும். மருந்துக்கேத்த மாதிரி மனுசரை வளைக்கேலாது."

லீவு போட்டுவிட்டுப் போயே பார்த்திருக்கிறாள்!

3

பார்த்தது: காலை ஐந்தரை. லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு கதவடியில் விஜயலெட்சுமியின் கணவர் அழகையா, ஒரு கையில் மாத்திரை, மறு கையில் சீனி போடாத தேத்தண்ணி. பதினொரு மாதம், ஒரு நாளும் தவறவில்லை. மனைவி அதை விழுங்கிவிட்டு, ரொட்டியைச் சுற்றி எடுத்துக்கொண்டு, பெரட்டில், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்தில், பெயர் கொடுத்து மலையேறுகிறார். அந்த ரொட்டியைப் பிரிப்பது ஒன்பதரைக்கு, தேத்தண்ணி நேரத்தில்தான்.

நான்கு மணித்தியாலம்! மாத்திரை சீனியை இறக்கிக்கொண்டே இருக்கிறது, வயிற்றில் ஒன்றும் இல்லை. கவரை எழுதிய மயூரிக்குக் காலைச் சாப்பாடு வீட்டு மேசையில், விஜயலெட்சுமிக்கு மலையில்.

(இங்கே பேனாவை வைத்துவிட்டு வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தேன். மனைவியை மறக்கிற கணவர்களைப் பற்றி இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன். மறக்கவே மறக்காத ஒருவரால் இப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.)

4

மயூரி, விஜயலெட்சுமியிடம் தனியாக விஷயத்தைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டாள். அவருக்கு யோசிக்க ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

"மாத்திரைய ரொட்டிக்குள்ள வச்சு சுத்திட்டா என்னங்க மிஸ்ஸி? ரொட்டியப் பிரிச்சாத்தானே மாத்திரை கைக்கு வரும்."

ரயில் பெட்டியில் நான் கைதட்டிவிட்டேன்! அறிவுரை வேண்டாம், அறிவிப்புப் பலகை வேண்டாம், மறந்தாலும் தவறு நேராது. டாக்டரும், முதல் வாய் ரொட்டியோடு போடட்டும் என்று சம்மதித்தார்.

ஆனால் விஜயலெட்சுமி ஒன்று கேட்டுக்கொண்டார்.

"அவருகிட்ட மட்டும் காரணத்தச் சொல்லிறாதீங்க. தாங்கமாட்டாரு. அப்புறம் என் மாத்திரையத் தொடவே மாட்டாரு."

கதை இங்கே முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை. அதே லயத்தில் இன்னும் மூன்று பெண்களுக்கு அதே மாத்திரை. விடிந்தால் அவர்கள் கதவையும் அழகையாதான் தட்டுகிறார். 'டாக்டரு வந்துட்டாருடி' என்று கேலி பேசிக்கொண்டே அவர்களும் விழுங்குகிறார்கள். காரணம் தெரியாவிட்டால் அவர் தட்டிக்கொண்டேதான் இருப்பார்.

5

முடிவு ஒன்று: மயூரி எதுவும் சொல்லாமல் நாலு பேருக்கும் கவரை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு

(அழகையா வாசிக்கத் தெரிந்தவர். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பார்.)

முடிவு இரண்டு: விஜயலெட்சுமியே ஒரு நாள் கணவரின் தோளில் சாய்ந்து

(வேண்டாம். அது என் பழைய நாவல்.)

உண்மையில் நடந்தது இவ்வளவு. மயூரி மறுபடி லயத்துக்குப் போன காலை, அழகையா, மனைவி சுற்றி வைத்திருந்த ரொட்டிச் சுருளைப் பிரித்து, உள்ளே இருந்த மாத்திரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு மயூரியிடம் கேட்டார்.

"அப்ப நாந்தான் அவள விழ வச்சேனாங்க, மிஸ்ஸி?"

மயூரி சொன்ன பதில் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன், அது அவளுடைய பதில். இப்போது அந்தக் கதவடியில் நீங்கள் நிற்கிறீர்கள். பொய் சொல்லக்கூடாது, இன்னும் மூன்று கதவுகள் இருக்கின்றன. அந்த மனிதரை உடைக்கவும் கூடாது, நாளைக்கும் அவர் கை வேண்டும்.

சொல்லுங்கள். பெரட்டுக்கு நேரமாகிறது.