பதினான்காம் எண்ணில் இரண்டு அடுப்பு

ஆற்று வெள்ளம் வந்து போன பிறகு, கீழத் தெருக்களில் இனி யாரும் குடியிருக்கக் கூடாது என்று நகர அலுவலகம் சொல்லிவிட்டது. மேட்டில் அடுக்குமாடி கட்டித் தருவார்களாம்; வேண்டியவர்கள் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டுமாம். அந்த இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை, டயர்க் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஒரு சின்னக் கம்பெனிக்குக் கிடைத்தது. பாப்பா அங்கேதான் வேலை பார்த்தாள். இருபத்தேழு வயதாகியும் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்தான்.

பதிவு தொடங்கிய சில நாளிலேயே குளறுபடி ஆரம்பித்தது. நெட் நின்று நின்று வந்ததால் ஒரே ஆள் பொத்தானை மூன்று தடவை அழுத்தி மூன்று பேராகிப் போனார். வீட்டுக்காரர் ஒருமுறை, வீட்டுக்காரி ஒருமுறை, எதற்கும் இருக்கட்டும் என்று வெளியூரில் இருந்த மகன் ஒருமுறை. வீடுகளைப்போல இரண்டு மடங்கு பதிவுகள் குவிந்துவிட்டன.

மேனேஜருக்கு ஆபீசில் 'அவசரம்' என்று பட்டப்பெயர். அந்த வார்த்தை இல்லாமல் அவருக்குப் பேச்சே வராது. அவர் திரையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"இருக்கறதே ஆயிரம் வீடு. மிச்சப் பேர் எங்கேர்ந்தும்மா வந்தாங்க? ஆத்து மீனும் பதிவு பண்ணுதா?"

ஒரே ஆள் இரண்டாவது முறை நுழைய முடியாதபடி ஏதாவது ஒன்றைப் பூட்டாகப் போட வேண்டும். பாப்பா முதலில் போன் நம்பரை வைத்துப் பார்த்தாள். ஒரு குடும்பத்துக்கு நாலு போன் இருந்தது. மின்னஞ்சலை வைத்துப் பார்த்தாள். பாதித் தெருவுக்குப் பதிவு செய்து கொடுத்தவர் கம்ப்யூட்டர் சென்டர்காரர். எல்லாருக்கும் தன்னுடைய முகவரியையே போட்டு வைத்திருந்தார். கடைசியில் மிஞ்சியது கதவெண்ணும் தெருவும்தான். ஒரு தெருவில் ஓர் எண் ஒரே ஒரு தடவைதான் வரலாம் என்று விதி வைத்துவிட்டால், இரண்டாவதாக வருவதை டேட்டாபேஸே வாசலில் நிறுத்திவிடும்.

"சார், ஒரே நம்பர்ல ரெண்டு குடும்பம் இருந்தா?"

"அப்படி எங்க இருக்கு?"

"எங்க வீடே அப்படித்தான் சார்."

அவர் சிரித்துவிட்டார். "உங்க வீட்டுச் சண்டைய வீட்டுல தீத்துக்கம்மா. இது அவசரம்."

அவள் சொன்னது உண்மை. பதினான்காம் எண் தாத்தா கட்டிய வீடு. அப்பாவும் சித்தப்பாவும் அதில்தான் பிறந்து வளர்ந்தார்கள். தண்ணீர் மோட்டாரை யார் போடுவது, யார் நிறுத்துவது என்று தொடங்கிய வாய்த் தகராறு, கூடத்தின் நடுவே சுவராக எழும்பி நின்றது. பூசாத செங்கல் சுவர். அதற்குப் பிறகு வாசல் இரண்டு, அடுப்பு இரண்டு, கரண்டுக்கு மீட்டர் இரண்டு. கதவெண் மட்டும் ஒன்றாகவே இருந்தது. அதை மாற்ற வேண்டுமென்றால் அண்ணனும் தம்பியும் சேர்ந்து போய் நிற்க வேண்டும். அம்மா இல்லாத பாப்பாவுக்குத் தலை வாரிவிட்டதும், காய்ச்சலில் பக்கத்தில் படுத்துக்கொண்டதும் சித்திதான். சுவர் வந்த அன்று சித்தி பாப்பாவின் சீப்பைக் கழுவி, மடித்த துண்டின் மேல் வைத்துக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் பாப்பா அப்பாவிடம் கேட்டாள். "வீட்டுக்குப் பதிவு பண்ணீங்களேப்பா, எல்லாரையும் போட்டாச்சா?"

மரக்கடையில் கணக்கு எழுதிவிட்டு வந்த களைப்பில் அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எல்லாம் போட்டாச்சு. நீ உன் வேலையப் பாரு."

எல்லாம் என்றால் சுவருக்கு அந்தப் பக்கமும் சேர்த்துத்தான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்ள அவளுக்கும் வசதியாக இருந்தது.

மறுநாள் விதியைப் போட்டாள். ஒவ்வொரு கதவெண்ணுக்கும் முதலில் வந்த பதிவை நிறுத்திக்கொண்டு மற்றவற்றைத் தனியாக ஒதுக்கினாள். ஒதுக்கியவற்றை அழிக்க மனம் வரவில்லை. ஓரமாகக் கிடக்கட்டும் என்று விட்டாள். யார் யார் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க நேரமில்லை. அவர்களுக்குப் போக வேண்டிய செய்தியை மட்டும் யோசித்து எழுதினாள்: 'தங்கள் முகவரியில் ஏற்கெனவே ஒரு குடும்பம் பதிவாகியுள்ளது. எனவே தங்கள் பதிவை ஏற்க இயலவில்லை. சிரமத்திற்கு வருந்துகிறோம்.'

கூட்டம் பாதியாகக் கரைந்தது. மேனேஜர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

வீடு ஒதுக்கப்பட்டவர்களின் பட்டியல் வெளியான அன்று, அப்பாவின் பெயரைக் கண்டுபிடித்த கையோடு சித்தப்பாவின் பெயரைத் தேடினாள். இல்லை. எழுத்துப் பிழையாக இருக்கும் என்று மாற்றி மாற்றித் தேடினாள். பிறகு, ஒதுக்கி வைத்திருந்த குவியலைத் திறந்தாள். சித்தப்பா அங்கே இருந்தார். அப்பா பதிவு செய்த அதே நாளில், கொஞ்சம் பிந்தி. குடும்பத் தலைவர், ஸ்கூல் வேன் டிரைவர். மனைவி. ஒரு மகன்.

மத்தியான வெயிலில் வீட்டுக்கு ஓடினாள். தன் வாசலை விட்டு அடுத்த வாசலில் ஏறி வெகுகாலம் ஆகியிருந்தது. உள்ளே சித்தி பாத்திரங்களைக் கோணிப்பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா பாப்பா. கால்ல இடிச்சுக்காத, எல்லாம் பரப்பிக் கெடக்கு."

"எங்க சித்தி போறீங்க?"

"எங்கண்ணன் ஊருக்கு. அவங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்காம். அங்கயும் வேன் ஓட்ட ஆளு வேணுமாம்."

"புகார் சொல்ல வெப்சைட்டுல நம்பர் போட்டிருந்துதே சித்தி. ஒரு போன் பண்ணியிருக்கலாமே? சுவரத் தட்டியிருந்தாகூட நான் வந்திருப்பேனே?"

சித்தி ஒரு மூடியை அதற்குரிய பாத்திரத்தில் பொருத்திப் பார்த்தாள். "நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். உங்க சித்தப்பா கேக்கல. 'அண்ணன் பொண்ணு ஆபீஸ்லேர்ந்துதான் செய்தி வந்திருக்கு. அவன் சொல்லாமலா செஞ்சிருப்பா? போய்க் கெஞ்சச் சொல்றியா'ன்னுட்டாரு." அடுத்த மூடியை எடுத்துக்கொண்டே கேட்டாள். "அந்தச் செய்தி, அது நீ எழுதினதா?"

"ஆமா சித்தி."

"மரியாதையாத்தான் எழுதியிருந்த."

அதில் குத்தல் இல்லை. அதுதான் பாப்பாவால் தாங்க முடியவில்லை. கோணிப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். சித்தி கையை முந்தானையில் துடைத்துவிட்டு அவள் முதுகில் வைத்தாள். பிறகு எடுத்துவிட்டு மறுபடி அடுக்கத் தொடங்கினாள். சாயங்காலம் வண்டி வந்துவிடும்.

அப்பா வந்ததும் கேட்டாள். "எல்லாம் போட்டாச்சுன்னு சொன்னீங்களே?"

"நம்ம ரெண்டு பேரையும் போட்டேன். அவனப் போட நான் யாரு? அவனே தனியாப் போட்டுக்குவான்னு நெனச்சேன்."

"போட்டாருப்பா. நான்தான் எடுத்துட்டேன்."

சுவருக்கு அப்பால் எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து வாசல்வரை போனார். செருப்பில் காலை நுழைத்தார். அங்கேயே நின்றார். வண்டி கிளம்பிப் போன பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.

மறுநாள் பாப்பா மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு முழுவதையும் கேட்டார். அன்று அவருக்கு எந்த அவசரமும் வரவில்லை. இரண்டு பேருமாக நகர அலுவலகத்துக்குப் போனார்கள். பட்டியல் மூடியாயிற்று, இனி இரண்டாம் கட்டத்தில்தான் பார்க்க முடியும் என்றார் அதிகாரி. பாப்பா விதியைத் திருத்தினாள். கதவெண், தெரு இரண்டோடு எத்தனையாவது சமையலறை என்பதையும் சேர்த்தாள். ஒதுக்கி வைத்த குவியலை இந்த முறை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒரே எண்ணில் தனித்தனியாக உலை வைத்த வீடுகள் வேறு பலவும் இருந்தன. அக்கா தங்கைகள், மாமியார் மருமகள், வாடகைக்கு இருந்தவர்கள். எல்லாரையும் இரண்டாம் பட்டியலில் ஏற்றினாள். அவர்களில் ஒரு அம்மா ஆபீசைத் தேடிப் படியேறி வந்து, "நீ நல்லா இருக்கணும் தாயி" என்று கன்னத்தை வழித்துவிட்டுப் போனாள்.

அந்தப் பட்டியலில் வீடு ஒதுக்கி முடிக்கும்போது அடுத்த மழைக்காலமும் தாண்டியிருந்தது. அதற்குள் அப்பாவும் பாப்பாவும் மேட்டு வீட்டுக்குக் குடிவந்திருந்தார்கள். சித்தப்பாவுக்கு ஒதுக்கப்பட்டிருந்த வீடு அதே கட்டடத்தில், இரண்டு மாடி கீழே. பாப்பா போன் செய்தாள். நெடுநேரம் அடித்த பிறகு அவரே எடுத்தார்.

"சித்தப்பா, வீடு வந்துடுச்சு. வந்து கையெழுத்துப் போட்டா சாவி குடுத்துடுவாங்க."

அந்தப் பக்கம் வேன் இன்ஜின் ஓடும் சத்தமும் பிள்ளைகளின் இரைச்சலும் கேட்டன.

"பையன இங்க ஸ்கூல்ல சேத்தாச்சு பாப்பா. உங்க சித்திக்கும் ஒரு எடத்துல வேல கெடச்சிருக்கு. மறுபடியும் மூட்ட கட்ட என்னால ஆகாது. வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லு."

"என் மேல கோவமா சித்தப்பா?"

"ச்சே. உன் மேல என்ன." இன்ஜினை அணைத்தார். "உங்கப்பாவுக்குச் சுகர் இப்ப எவ்வளவு இருக்கு?"

பாப்பா சொன்னாள்.

"கால்ல அடி படாமப் பாத்துக்கச் சொல்லு" என்றுவிட்டு வைத்துவிட்டார்.

அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். "என்ன சொன்னான்?"

"வரலையாம்." பிறகு சொன்னாள், "உங்க சுகர் எவ்வளவுன்னு கேட்டாரு."

அப்பா தலையாட்டினார். சட்டையை மாட்டிக்கொண்டு மெல்லப் படியிறங்கிப் போனார். அரை மணி ஆகியும் வராததால் பாப்பா தேடிக்கொண்டு போனாள். இரண்டு மாடி கீழே, பூட்டிக் கிடந்த வீட்டு வாசற்படியில், சுவரில் சாய்ந்து அவர் உட்கார்ந்திருந்தார்.